எண்ணுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது?

போன இதழில் 2024 குடிசன மதிப்பு அட்டவணை ஒன்றைச் சும்மா அரைப் பக்கத்துக்குப் போட்டோம். அதற்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் இந்தப் பகுதி தொடங்கிய நாளிலிருந்து வேறு எதற்கும் வந்ததில்லை. பாதிப் பேர் திட்டியிருக்கிறார்கள், என்னை அல்ல, அட்டவணையை. அதனால் இந்தத் தடவை சினிமா, கிரிக்கெட் கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு அரசாங்கக் கணக்குக்கே பக்கத்தைக் கொடுத்துவிட்டேன்.

கேள்வி: 2012 இல் நாட்டு சனத்தொகையில் 4.1 சதவீதமாக இருந்த மலையகத் தமிழர் 2024 இல் வெறும் 2.8 சதவீதமாம். எட்டு இலட்சத்து நாற்பதாயிரம் பேர் ஆறு இலட்சமாகிவிட்டோம். கால்வாசிக்கும் மேலே சனம் எங்கே போனது? கணக்கில் கள்ளமா?
– ஓர் ஆசிரியை, தலவாக்கலை

டீச்சர், நம்முடைய வரியை மட்டும் பார்த்தால் நெஞ்சு பதறத்தான் செய்யும். பக்கத்து வரியையும் சேர்த்துப் பாருங்கள். இலங்கைத் தமிழர் 2012 இல் 11.1, இப்போது 12.3. நாம் 4.1 இலிருந்து 2.8. இரண்டையும் கூட்டினால் அப்போது பதினைந்தேகால் அளவு, இப்போது 15.1. அந்த வரி ஏறிய அளவுக்குக் கிட்டத்தட்ட இந்த வரி இறங்கியிருக்கிறது. ஆகவே ஆள் குறைந்தது கொஞ்சம், கட்டம் மாறியது அதிகம் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் 2012 இல் இந்தக் கட்டத்தில் இருந்தவர் 2024 இல் அந்தக் கட்டத்துக்குப் போனார் என்று ஆள் ஆளாகக் காட்டும் அட்டவணை கிடையாது. வெளிநாடு போனவர் கணக்கில் விழமாட்டார், அது உண்மையான குறைவு. கொழும்புக்குக் கடை வேலைக்குப் போன பையன் அப்படி இல்லை, அவனை அங்கே எண்ணியிருப்பார்கள், எந்தக் கட்டத்தில் எண்ணினார்கள் என்பதுதான் விஷயம்.

இந்தக் கட்டத்துக்கே ஒரு கதை இருக்கிறது. இலங்கையில் நவீன குடிசன மதிப்பு 1871 இல் தொடங்கியது, ஆனால் தமிழரை இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் (அதாவது மலையகத் தமிழராகிய நாம்) என்று இரண்டு வரியாகப் பிரித்தது 1911 இல்தான். 1946 கணக்கைப் பார்த்தால் நம் வரியில் 7 இலட்சத்து 80 ஆயிரம் பேர், அந்த வருடம் இலங்கைத் தமிழரைவிட நாம்தான் கூட. இரண்டே வருடத்தில், நம்மில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948 பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1971 இல் 11 இலட்சத்து 74 ஆயிரமாக இருந்த வரி 1981 இல் 8 இலட்சத்து 18 ஆயிரம். அந்த இறக்கத்துக்குப் பின்னால் உண்மையாகவே பெட்டி கட்டிய சனம் இருந்தது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுக்க வேண்டும், 3 இலட்சம் பேருக்கு இங்கே பிரஜாவுரிமை என்று பேசி முடித்தார்கள், விடுபட்ட ஒன்றரை இலட்சத்தை 1974 இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள், ஆளுக்கு 75 ஆயிரம். தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களின் கதை இல்லாத வீடு நம் பக்கம் குறைவு. ஆனால் அந்தப் பத்து வருடத்திலும் எல்லோரும் கப்பலேறியதால் மட்டும் எண் குறையவில்லை, பதிவை மாற்றிக்கொண்டவர்களும் இருந்தார்கள்.

இனி ஒரு சொந்தக் கதை. 2012 இல் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்கு, கணக்கெடுக்க வந்தவர் நல்ல மனுசன், மழையில் நனைந்து வந்திருந்தார், அம்மா பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். வயது கேட்டார், படிப்பு கேட்டார், தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டார். இனம் என்ன என்று கேட்கவே இல்லை! லயம் என்றால் இதுதான் என்று அவரே அடையாளம் போட்டுவிட்டு அடுத்த கதவுக்குப் போய்விட்டார். அதே வீட்டில் என் தம்பியிடம் கேட்டிருந்தால் அவன் வேறு பதில் சொல்லியிருப்பான், அவனுடைய பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் ‘இலங்கைத் தமிழர்’ என்றுதான் இருக்கிறது. அப்போ 2012 எண் சரியா, 2024 எண் சரியா? இரண்டுமே அன்றைக்கு யார் என்ன கேட்டார்கள், யார் என்ன சொன்னார்கள் என்பதன் பதிவு. இந்தத் தடவை அந்தக் கட்டத்தின் தலைப்பில் ‘மலையகத் தமிழர்’ என்ற பெயரும் சேர்ந்தது. நல்ல விஷயம். ஆனால் தலைப்பு மாறிய வரியைப் பழைய வரியோடு அப்படியே ஒட்டிப் படம் கீறி, ‘அழிகிறோம்’ என்று எழுதி அனுப்புகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம்.

இன்னொன்று. குடிசன மதிப்பு பத்து வருடத்துக்கு ஒரு தடவை நடக்க வேண்டியது. 1981 க்குப் பிறகு 2001 இல் நடந்தது, அதுவும் 18 மாவட்டங்களில்தான் முழுமையாக. நாடு முழுக்க எண்ணியது 2012 இல், அப்புறம் 2024. மூன்று தலைமுறைக்கு மூன்று படம்தான் கையில் இருக்கிறது என்றால் நடுவில் நடந்ததை எல்லோரும் இஷ்டத்துக்குக் கற்பனை செய்யத்தான் செய்வார்கள்.

கேள்வி: மஸ்கெலியா டவுனில் கடை வைத்திருக்கிறேன். புள்ளிவிபரத்தில் எங்கள் டவுனை ‘கிராமம்’ என்று போட்டிருக்கிறார்களாம். உண்மையா அண்ணே?
– ஒரு வியாபாரி, மஸ்கெலியா

உண்மைதான் தம்பி. கடையும் வங்கியும் பஸ் ஸ்டாண்டும் இருந்தால் டவுன் என்பது நம் கணக்கு. தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் கணக்கில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது மட்டும்தான் நகரம். ஹட்டன்-டிக்கோயா நகர சபை, அதனால் நகரம். மஸ்கெலியா பிரதேச சபை, அதனால் கிராமம். 1987 இல் பிரதேச சபைகள் வந்தபோது பழைய பட்டின சபைகள் அதற்குள் போய்விட்டன, அன்றிலிருந்து பல பஜார்கள் ஒரே இரவில் கிராமமாகிவிட்டன. 2012 இல் நாட்டின் நகர சனத்தொகை 18.2 சதவீதம் என்று வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதை வைத்து ‘இலங்கை இன்னும் பட்டிக்காடு’ என்று கட்டுரை எழுதியவர்களும் உண்டு.

மூன்றாவது பிரிவு நம்முடையது, தோட்டத் துறை. 20 ஏக்கருக்கு மேற்பட்ட, குறைந்தது 10 தொழிலாளராவது அங்கேயே குடியிருக்கிற தோட்டப் பகுதி. இது இடத்தைப் பார்க்கிற கட்டம், இனத்தைப் பார்க்கிறதல்ல. மலையகத் தமிழராக இருந்துகொண்டு பஜார் ஓரத்தில் வாடகைக்கு இருந்தால் நீங்கள் கிராமம், தோட்டத்தில் குடியிருக்கிற சிங்களக் குடும்பம் தோட்டத் துறை. டீச்சரின் கேள்வியில் வந்த 2.8 ஐயும் தோட்டத் துறை எண்ணையும் ஒன்றாக நினைத்துப் பேசுகிற அரசியல்வாதிகளை நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன், மேடைக்குக் கீழே இருந்து கத்தவா முடியும்.

ஆனால் அந்தக் கட்டம் இருப்பதற்கு நாம் சந்தோசப்பட வேண்டும். 2016 சனத்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுக்க 17.3 சதவீதம். தோட்டத் துறையில் 31.7. மூன்று பிள்ளையில் ஒன்று. தோட்டத்தைத் தனியாகப் பிரிக்காமல் கிராமத்தோடு சேர்த்திருந்தால் இந்த 31.7 அப்படியே கரைந்து போயிருக்கும், நாட்டு சனத்தொகையில் தோட்டத் துறை 2012 இல் 4.4 சதவீதம்தானே. குறை என்னவென்றால் இவை மாதிரி எடுத்துச் செய்கிற ஆய்வுகள். தோட்டத் துறை மொத்தத்துக்கு எண் கிடைக்கும், பொகவந்தலாவைக்கு எவ்வளவு, லிந்துலைக்கு எவ்வளவு என்று கேட்டால் கிடைக்காது. எடுத்த வீடுகள் அதற்குக் காணாது.

கேள்வி: எங்கள் தொழிற்சங்கக் கூட்டத்தில் ஒரு தலைவர், ‘2016 இல் தோட்டத்தில் வறுமை 8.8 சதவீதம், 2019 இல் 33.8 சதவீதம், மூன்றே வருடத்தில் நான்கு மடங்கு’ என்று பேசினார். சரியா?
– ஒரு தொழிலாளி, பொகவந்தலாவை

இரண்டு எண்ணும் சரி, பேச்சு பிழை. நடுவில் அளவுகோலை மாற்றிவிட்டார்கள். 2016 வரைக்கும் 2002 செலவை அடிப்படையாக வைத்த பழைய வறுமைக்கோடு, 2019 க்கு 2012/13 ஐ அடிப்படையாக வைத்த புதுக் கோடு. பழையது மிகவும் தாழ்வாக இருந்தது. நாடு முழுக்கவும் அதே கதைதான், 4.1 இலிருந்து 14.3. வறுமை ஏறியது அல்ல, முன்பு கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது தெரிந்தது என்று சொன்னால் பொருத்தம்.

தலைவர் இதைச் சொல்லியிருந்தால் போதும்: ஒரே வருடத்தில், ஒரே கோட்டில், நாட்டுக்கு 14.3, தோட்டத்துக்கு 33.8. இதுவே போதுமான அளவு பயங்கரம். 2019 இல் அந்தக் கோடு ஆளுக்கு மாதம் 6,966 ரூபா. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 34,830. அதைத் தாண்டி ஒரு ரூபா செலவழித்தாலும் நீங்கள் கணக்கில் ஏழை இல்லை. அப்புறம் ஒன்று, இது கொரோனாவுக்கும் 2022 பொருளாதார நெருக்கடிக்கும் முந்திய கணக்கு. இன்றைக்கு மேடையில் 33.8 என்று சொல்கிறவர் வருடத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது, மைனஸ் கூட ஆகிவிட்டது என்கிறார்கள். பருப்பு விலை குறையவில்லையே! யாரை ஏமாற்றுகிறார்கள்?
– ஒரு இல்லத்தரசி, பண்டாரவளை

அக்கா, பஸ் வேகத்தைக் குறைத்தது என்றால் பின்னால் போகிறது என்று அர்த்தமில்லையே. எண்களைப் போட்டுப் பார்ப்போம், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணை வைத்து. 2021 செப்டெம்பரில் ஒரு கூடை சாமான் 100 ரூபா என்று வையுங்கள். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம், கூடை 170 ரூபா. 2023 செப்டெம்பரில் பணவீக்கம் 1.3 தான், பத்திரிகையில் பெரிய தலைப்பு, ஆனால் கூடை 172. 2024 செப்டெம்பரில் மைனஸ் 0.5, கூடை 171. ஒரே ஒரு ரூபா குறைந்ததற்குத்தான் அந்த ஆரவாரம். (நடுவில் அடிப்படை ஆண்டு மாறியது, அதனால் இது சுமாரான கணக்கு, ஆனால் பெரிதாகப் பிசகாது.)

இதே காலத்துக்குத் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளத்தைப் பக்கத்தில் வையுங்கள். 2021 இல் 1,000 ரூபா, 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350. கூடை 100 இலிருந்து 171, சம்பளம் 100 இலிருந்து 135. இந்த ஒரு கணக்கைச் செய்ய எந்த நிபுணரும் வேண்டாம், ஆனால் சம்பளப் பேச்சுவார்த்தை நடந்த நாட்களில் பத்திரிகைகளில் தேடித் தேடிப் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்தச் சுட்டெண் கொழும்பு மாவட்டத்து நகர வீடுகளின் கூடை. நாடு முழுக்கப் பார்க்கிற தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் தனியாக உண்டு, மூன்று கிழமை பிந்தி வரும், அதனால் தொலைக்காட்சிச் செய்தி அதைக் கண்டுகொள்வதில்லை. 2022 செப்டெம்பரில் அது 73.7. அதில் சாப்பாட்டுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறார்கள், நம் வீட்டுச் செலவுக்கு அதுதான் கிட்ட.

கேள்வி: 2019 இல் சராசரி வீட்டு வருமானம் மாதம் 76,414 ரூபா என்று வாசித்தேன். யாருடைய வீட்டில்?
– பெயர் வேண்டாம் என்றவர், கொட்டகலை

உங்கள் வீட்டிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. அதே அறிக்கையில் கொஞ்சம் தள்ளி ‘இடையம்’ என்று ஒன்று இருக்கும், 53,333. வீடுகளை வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கிற வீட்டின் வருமானம். வரிசையின் கடைசியில் நிற்கிற நாலு பெரிய வீடுகள்தான் சராசரியை 76 ஆயிரத்துக்கு இழுத்துப் போகின்றன. இடையம் கிடைத்தால் அதையே பாருங்கள்.

கேள்வி: பட்டம் முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறேன். வேலையில்லாதோர் வீதம் நாலரை, ஐந்து என்கிறார்கள். அதில் நானும் இருக்கிறேனா?
– ஒரு பட்டதாரி, ஹப்புத்தளை

தங்கச்சி, போன நாலு கிழமைக்குள் எங்கேயாவது விண்ணப்பம் போட்டீர்களா, யாரிடமாவது வேலை கேட்டீர்களா? இல்லையென்றால் நீங்கள் அந்தக் கணக்கில் பெரும்பாலும் இல்லை. வேலையும் இல்லை, தேடவும் இல்லை என்றால் ஊழியப்படைக்கு வெளியே என்று வைத்துவிடுவார்கள். அலுத்துப்போய்த் தேடுவதை நிறுத்தினால் வேலையின்மை குறைந்துவிடும், பார்த்தீர்களா கூத்தை.

மறுபக்கமும் இருக்கிறது. ஆய்வு செய்கிற கிழமையில் ஒரே ஒரு மணித்தியாலம் சம்பளத்துக்கோ இலாபத்துக்கோ வேலை செய்திருந்தால் அவர் வேலையில் உள்ளவர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பதிவது ஒரு ‘பேர்’; கொழுந்து குறைந்தால் அரைப் பேர்தான் போடுவார்கள், புள்ளிவிபரத்தில் ஒரு மணித்தியாலத்துக்கே முழுப் பேர். கிழமைக்கு இரண்டு நாள் வேலை கிடைக்கிறவரும், ஆறு நாள் போகிறவரும் ஒரே கட்டத்தில் இருப்பார்கள். இது இலங்கை கண்டுபிடித்த தந்திரம் இல்லை, உலகம் முழுக்க இதுதான் வரைவிலக்கணம், நாடுகளை ஒப்பிட அது உதவும். தோட்டத்து வீட்டு நிலைமை தெரிய வேண்டும் என்றால் வேலையின்மை வீதத்தை விட்டுவிட்டு, எத்தனை மணித்தியாலம் வேலை செய்தார்கள் என்கிற அட்டவணையைத் தேடுங்கள்.

கேள்வி: ஆய்வுக் கட்டுரைக்காகத் தோட்டப் பகுதிகளின் விபரம் தேடுகிறேன். எல்லாம் பிடிஎஃப். தமிழ் அறிக்கையிலிருந்து கொப்பி பண்ணினால் கோணல்மாணலாக ஆங்கில எழுத்து வருகிறது. என்ன செய்வது?
– ஒரு பல்கலைக்கழக மாணவர், பதுளை

அது பழைய எழுத்துருவின் வேலை தம்பி, யூனிகோட் இல்லாமல் தட்டச்சு செய்தது. கண்ணுக்குத் தமிழ், கணினிக்குக் கிறுக்கல். அதோடு மல்லுக்கட்டாமல் எக்செல் கோப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் எண்களை ஆங்கிலப் பதிப்பிலிருந்து எடுங்கள்.

ஊர்ப்பெயரை வைத்து இரண்டு அட்டவணையை ஒட்டவே ஒட்டாதீர்கள். நுவரெலியா, நுவரேலியா, நுவர எலிய என்று மூன்று விதமாக இருக்கும், கணினிக்கு அது மூன்று ஊர். கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு இலக்கம் உண்டு, அதை வைத்து ஒட்டுங்கள். எல்லையையும் பாருங்கள். 2012 இல் அம்பகமுவ ஒரே பிரதேச செயலகப் பிரிவு, இரண்டு இலட்சம் பேருக்கு மேல். பிறகு நோர்வூட் பிரிந்தது, நுவரெலியாவிலிருந்து தலவாக்கலை பிரிந்தது. இது தெரியாமல் ஒப்பிட்டால் அம்பகமுவயில் சனமெல்லாம் ஓடிவிட்டது என்று கட்டுரை முடியும்.

மாவட்டப் புள்ளிவிபரக் கைநூல் பாருங்கள். பிரதேச செயலகத்தில் புள்ளிவிபர உத்தியோகத்தர் இருப்பார், நேரில் போய்ப் பேசுங்கள், பாதி வேலை அங்கேயே முடியும். முடியாவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். எழுதும்போது ‘எக்செல் வடிவில்’ என்று மறக்காமல் போடுங்கள், இல்லாவிட்டால் நாற்பது பக்கம் போட்டோகொப்பி வரும். எனக்கு வந்தது. அதில் பத்துப் பக்கம் தலைகீழ். தனி ஆட்களின் விபரம் மட்டும் கேட்காதீர்கள், அதைச் சட்டப்படி தரமாட்டார்கள், தரவும் கூடாது.

கேள்வி: முப்பது வருடம் தோட்டத்தில் செக்ரோல் (தொழிலாளரின் வேலை, சம்பளப் பதிவேடு) எழுதியவன் நான். எந்தத் திணைக்களத்து எண்ணையும்விட எங்கள் செக்ரோல் சுத்தம். என்ன சொல்கிறீர்கள்?
– ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை, ராகலை

ஐயா, பேர் விழுந்த கணக்கு சுத்தமாக இருக்கலாம், நீங்கள் எழுதியது என்றால் இன்னும் சுத்தம். தராசுக் கணக்கைப் பற்றி என் அம்மாவிடம் கேட்டுத்தான் நான் சொல்ல வேண்டும். மலையில் நிறுக்கும்போது சாக்குக்கு என்று ஒரு கழிவு, ஈரத்துக்கு என்று ஒரு கழிவு, வெயில் கொளுத்துகிற நாளிலும் ஈரத்துக்குக் கழிவு. அந்தக் கழித்த கொழுந்து ஸ்டோருக்குப் போய்த் தேயிலையாகி நாட்டின் உற்பத்திக் கணக்கில் ஏறியிருக்கும், அம்மாவின் பெயரில் மட்டும் ஏறவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாது அம்மாவுக்கு. அடுப்படிச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருப்பார், முழுப் பேருக்கு நீளக் கோடு, அரைப் பேருக்குக் குட்டைக் கோடு. சம்பளத் துண்டு வந்ததும் என்னைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லி, சுவரோடு ஒப்பிடுவார். ஒரு மாதம் நாலு பேர் குறைந்தது. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் போய்க் கேட்டார். இரண்டு பேர் அடுத்த மாதம் சேர்ந்து வந்தது, மற்ற இரண்டுக்கும் ‘பார்க்கலாம்’ என்றார்கள். அந்த இரண்டு கோட்டையும் வெள்ளையடிக்கும்போதுகூட அம்மா அழிக்க விடவில்லை.